சிகிச்சை தரும் டாக்டரிடமே கோர்ட் கருத்துக் கேட்டால் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

மேற்கு_மாவட்டம்:

நிலைமை இதுதான். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் ஒருவர்தான். கிளைச் சிறைக்கு வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் அவர்தான். சிறையில் சிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ள விசாரணைக் கைதி ஒருவர் சில மாதங்களாக அதற்கான ரிஸ்பெரிடோன் மாத்திரை 6 மி.கி. எடுத்துக்கொள்கிறார். உடன்பிறந்தவரை அரிவாளால் வெட்டியதாகக் கொலை முயற்சி வழக்கு. இப்போது மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து ஒரே வரியில் கடிதம் வந்திருக்கிறது: "எதிரியின் மனநிலையைப் பரிசோதித்து அறிக்கை அனுப்பவும்." (கோர்ட் மொழியில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.)

மூன்று சந்தேகம்.

ஒன்று, சிகிச்சை தருகிற டாக்டரே இந்த அறிக்கையை எழுதலாமா? வேறு ஆள் இல்லை என்பது போதுமான காரணமா?

இரண்டு, சிகிச்சையின்போது அவர் சம்பவத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். கேஸ் ஷீட்டிலும் கொஞ்சம் பதிவாகியிருக்கிறது. அதை அறிக்கையில் சேர்ப்பதா, விடுவதா?

மூன்று, அவருடைய வக்கீலும் வீட்டாரும் "சம்பவம் நடந்த அன்றைக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு சர்டிஃபிகேட்" கேட்கிறார்கள். போலீஸ் தரப்போ "இப்போது நன்றாக இருக்கிறார்" என்று எழுதி வாங்கிவிடப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஃபோனில் பேசுகிறார்கள். இதில் எங்கே நிற்பது?

---

நொச்சி:

டாக்டர், முதல் வேலையாக அந்த ஒருவரிக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் போடுங்கள். "மனநிலை" என்ற சொல்லுக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இன்றைக்கு இவருக்கு மனநோய் இருக்கிறதா? வழக்கைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இருக்கிறாரா (இதைத்தான் தற்காப்புத் திறன் என்கிறோம்)? சம்பவ நேரத்தில் என்ன நிலையில் இருந்தார்? ஜாமீனில் விட்டால் வெளிநோயாளியாகச் சிகிச்சை தொடர முடியுமா? ஒவ்வொன்றுக்கும் காலம் வேறு, ஆதாரம் வேறு, சட்டப் பிரிவும் வேறு. கோர்ட் கேட்காத கேள்விக்கு டாக்டர் தானாகப் பதில் எழுதும்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

உங்கள் கடிதம் இப்படி இருந்தால் போதும்: "பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 367-ன்படி தற்காப்புச் செய்யும் திறன் குறித்து மட்டும் கருத்துக் கோரப்படுகிறதா, அல்லது வேறு குறிப்பான கேள்விகள் உள்ளனவா என்று தெளிவுபடுத்தவும். இந்நபர் இன்ன தேதி முதல் என்னிடம் சிகிச்சையில் உள்ளார் என்பதைக் கனம் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இயன்றால் வேறு மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டுகிறேன்." கடிதத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள்.

சிகிச்சை டாக்டரே மதிப்பீடு செய்யக் கூடாது என்று நாங்கள் வலியுறுத்துவது வெறும் சம்பிரதாயம் அல்ல. சிகிச்சையில் நோயாளி சொல்வதை நம்பித்தான் தொடங்குகிறோம். மதிப்பீட்டில் அதே பேச்சை ஏ.ஆர். காப்பியோடும் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) சாட்சி வாக்குமூலத்தோடும் ஒப்பிட்டுச் சந்தேகப்பட வேண்டும். நேற்றுவரை "மனசு விட்டுப் பேசுங்க" என்று சொன்னவர் இன்று அந்தப் பேச்சையே கோர்ட்டுக்கு எழுதினால், அந்தச் சிறையில் வேறு எந்தக் கைதியும் அவரிடம் தற்கொலை எண்ணத்தைக்கூடச் சொல்ல மாட்டார். நட்டம் ஒரு வழக்கோடு முடிவதில்லை.

வேறு ஆள் கிடைக்கவே மாட்டார் என்றால்? பக்கத்து மாவட்டமோ, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மனநலத் துறையோ, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையோ, எல்லா வழியையும் கேட்டுப் பார்த்த பிறகு, தற்காப்புத் திறன் குறித்த அறிக்கையை மட்டும் சிகிச்சை டாக்டர் எழுதலாம் என்பது என் கருத்து. அது இன்றைய நிலையைப் பற்றியது. வழிகாட்டும் கேள்விகள் வரையறுக்கப்பட்டவை. சம்பவத்துக்குள் போகாமலே முடிக்கலாம். சம்பவ நேர மனநிலை பற்றிய அறிக்கையை மட்டும் எழுதாதீர்கள். ஆள் இல்லை என்பது அதற்குக் காரணமாகாது.

பரிசோதனையைத் தொடங்கும் முன் சொல்ல வேண்டியதைப் பேச்சு வழக்கில் சொல்லுங்கள். அச்சிட்ட படிவத்தில் கைநாட்டு வாங்குவது எச்சரிக்கை ஆகாது.

"நான் உங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்தான். ஆனா இன்னைக்கு அதுக்கு வரலை. கோர்ட்டு கேட்டிருக்கு, அதுக்காகப் பேசுறேன். இன்னைக்கு நீங்க சொல்றதை ரகசியமா வெச்சுக்க முடியாது, கோர்ட்டுக்கு எழுதுவேன். அது உங்களுக்குச் சாதகமாவும் போகலாம், பாதகமாவும் போகலாம். பிடிக்கலைன்னா பதில் சொல்ல வேண்டாம். சொல்லலைன்னா, சொல்லலைன்னு மட்டும் எழுதுவேன். நீங்க பேசினாலும் பேசாட்டாலும் மாத்திரை நிக்காது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சிறையில் இருப்பவர், பேச மறுத்தால் மருந்து நின்றுவிடும் என்று நினைப்பார். சொல்லி முடித்ததும் "நான் என்ன சொன்னேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். பத்து இருபது நிமிடத்தில் அவர் பழைய பழக்கத்தில் "சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். அங்கே நிறுத்தி மறுபடி எச்சரியுங்கள். எச்சரித்த நேரத்தையும் குறியுங்கள். எச்சரிக்கையை அவரால் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்றால் அதுவே தற்காப்புத் திறன் பற்றிய ஒரு சான்று. அன்றைக்குப் பேட்டியைத் தொடர வேண்டாம்.

இந்த எல்லைக்கோடு ஏன் முக்கியம் என்பதற்கு டெக்ஸஸ் வழக்கு ஒன்று உண்டு. டல்லாஸ் கவுண்டி சிறையில் எர்னஸ்ட் ஸ்மித் என்பவரை, விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி இருக்கிறதா என்று பார்க்க, கோர்ட் உத்தரவின்படி ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர் சுமார் 90 நிமிடம் பரிசோதித்தார். தகுதி உண்டு என்றார். பிறகு, தண்டனைக் கட்டத்தில் அதே பரிசோதனையை வைத்துக்கொண்டு "இவர் எதிர்காலத்திலும் ஆபத்தானவர்" என்று சாட்சி சொன்னார். மரண தண்டனை விழுந்தது. 1981-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனை நிற்காது என்றது. பரிசோதனை இப்படிப் பயன்படும் என்று அவரிடமும் சொல்லவில்லை, வக்கீலுக்கும் தெரிவிக்கவில்லை என்பதே அடிப்படை. அதே மருத்துவர், ஆளை நேரில் பார்க்காமலே இன்னார் மறுபடி கொல்வார் என்று உறுதியாகச் சாட்சி சொல்லிவந்ததற்காக 1995-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அவரை நீக்கியது. தகுதிக்காக எடுத்த பேட்டியை வேறு கேள்விக்கு இழுக்காதே, பார்க்காத ஆளைப் பற்றிப் பேசாதே: இந்த இரண்டும் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும்.

---

தாமிரபரணி:

கிரிமினல் தரப்பில் பயிற்சி செய்யும் வழக்கறிஞர் என்ற முறையில் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். நொச்சி சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன், அதையும் சொல்கிறேன்.

பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. இன்னும் பழைய எண்ணிலேயே கடிதம் வருகிறது, குழம்ப வேண்டாம். மனநோயால் செயலின் தன்மை அறியாமல் செய்தது குற்றமாகாது என்று சொன்ன இந்தியத் தண்டனைச் சட்டம் 84 இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 22. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 328, 329, 330 ஆகியவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367, 368, 369 ஆகியுள்ளன. மாஜிஸ்திரேட் முன் நடக்கும் முதற்கட்ட விசாரணையில் (inquiry) 367, மாஜிஸ்திரேட் கோர்ட்டோ செஷன்ஸ் கோர்ட்டோ வழக்கை நடத்தும் கட்டத்தில் (trial) 368.

367-ஐ முழுதாகப் படித்தால் டாக்டரிடம் சட்டம் எதை எதிர்பார்க்கிறது என்று தெரியும். நோய் இருக்கிறதா, சிகிச்சை என்ன, எவ்வளவு காலம் தேவை. அந்த நோயால் தற்காப்புச் செய்ய முடியாமல் போகிறதா என்ற முடிவு மாஜிஸ்திரேட்டுடையது. டாக்டரைச் சாட்சியாக விசாரித்துப் பதிவு செய்யவும் வேண்டும். ஆகவே அறிக்கை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம், சம்மன் வரும். முகாந்திரமே இல்லாத வழக்கு என்றால் ஒத்திவைக்காமல் விடுவிக்கவும் அதே பிரிவில் இடம் உண்டு. "விசாரணைக்குத் தகுதியற்றவர்" என்று நான்கு சொல்லில் முடித்து, சிகிச்சைக் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால், அந்த ஆள் வருடக்கணக்கில் வாய்தாவிலேயே கிடப்பார். தேதியோடு எழுதுங்கள்: இத்தனை வாரம் கழித்து மறுபரிசோதனை.

டாக்டரின் கருத்தால் பாதிக்கப்பட்டவர் மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் தலைவர், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை ஆசிரியர் ஒருவர், இருவரும் சேர்ந்தது அந்தக் குழு. சிறிய மாவட்டத்தில் அறிக்கை எழுதியவரே பிரிவின் தலைவராகவும் இருப்பார். தன் அறிக்கைக்கு எதிரான மேல்முறையீட்டில் தானே உட்காரக் கூடாது. விலகுகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 132 பாதுகாப்புத் தருகிறது. டாக்டரிடம் நோயாளி சொல்வதற்கு அதுபோன்ற பாதுகாப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், மனநல மறுஆய்வு வாரியம், அதிகாரம் பெற்ற பிற சட்ட அமைப்பு ஆகியவற்றின் உத்தரவு, பிறருக்கு வரக்கூடிய தீங்கைத் தடுப்பது போன்றவை விதிவிலக்குகள். தீங்கைத் தடுக்கச் சொல்லும்போதும், அந்தத் தீங்கைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வெளியே போகலாம்.

போலீஸ் காவலில் தந்த ஒப்புதல் வாக்குமூலத்துக்கு உள்ள தடை, நீதிமன்றக் காவலில் சிறையில் இருக்கும்போது டாக்டரிடம் சொன்னதற்கு அப்படியே பொருந்தாது. அங்கேதான் ஆபத்து. சிறை வார்டில் "ஆமா சார், வெட்டிட்டேன்" என்று சொன்னதை நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால், அரசுத் தரப்பு அந்தக் கேஸ் ஷீட்டை வரவழைக்க மனுப் போடும்.

நான் மாறுபடும் இடம் இதுதான். அறிக்கையில் சேர்க்காமல் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை தவறு. கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே இருப்பதை அழிக்கவோ மாற்றி எழுதவோ கூடவே கூடாது, அது தனிக் குற்றம். ஆனால் இனிமேல் எழுதுவதில் கவனம் வேண்டும். மருத்துவத்துக்குத் தேவை "உடன்பிறந்தவர் உணவில் விஷம் வைப்பதாக நம்புகிறார், இந்த நம்பிக்கை இன்ன மாதம் முதல் உள்ளது" என்பது. எந்தக் கையில் அரிவாள், எத்தனை வெட்டு என்பது மருந்தின் அளவை மாற்றாது. அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

ஃபோனில் பேசுகிறவர்கள் விஷயம்: இரண்டு தரப்பிடமும் ஒரே பதில். "எதுவானாலும் கோர்ட் வழியாக எழுத்தில் கேளுங்கள்." அழைப்பு வந்த தேதி, நேரம், யார், என்ன கேட்டார் என்று கோப்பில் ஒரு வரி குறிப்பு. போலீஸ் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-ஆம் பிரிவில் ஆவணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தால் முழுக் கோப்பையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பிரிவு 23-ஐச் சுட்டிக்காட்டி, நீதிமன்ற உத்தரவு வந்தால் மூடி முத்திரையிட்ட உறையில் நேரடியாக நீதிமன்றத்துக்கு அனுப்புவதாகப் பதில் எழுதுங்கள்.

வீட்டார் கேட்கும் சர்டிஃபிகேட்டைப் பற்றி: நோயாளி தன் சிகிச்சைப் பதிவுகளைப் பெற உரிமை உள்ளவர், மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 25 அதைச் சொல்கிறது. அவர் கேட்டால் எந்தத் தேதியிலிருந்து என்ன நோய்க்கு என்ன மருந்து என்ற சிகிச்சைச் சுருக்கத்தைக் கொடுங்கள். அது உண்மை விவரம், கருத்து அல்ல. அவருடைய வக்கீலுக்கு அது ஒரு நல்ல சாட்சியமும்கூட. சம்பவத்துக்கு முன்பே சிகிச்சையில் இருந்தார் என்று தேதியோடு வருவது, பின்னால் வாங்கும் எந்தச் சர்டிஃபிகேட்டையும்விட வலுவானது.

---

நொச்சி:

தாமிரபரணி சொல்வதை ஏற்கிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. சம்பவத்தைப் பற்றிய விவரத்தைச் சுருக்கி எழுதலாம். ஆபத்தைப் பற்றிய விவரத்தைச் சுருக்கக் கூடாது. "வெளியே போனதும் அண்ணியையும் முடிப்பேன்" என்றால், அது அப்படியே பதிவாக வேண்டும், தடுக்கும் நடவடிக்கையும் எடுக்க வேண்டும். நடந்து முடிந்ததற்கும் நடக்கப்போவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேனா பிடிக்கும்போதே மனதில் வையுங்கள்.

தற்காப்புத் திறனுக்குக் கேள்வி கேட்கும் விதத்திலேயே பாதிச் சிக்கலைத் தவிர்க்கலாம். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்காதீர்கள். "உங்க மேல என்ன வழக்குப் போட்டிருக்காங்க?" என்று கேளுங்கள். "ஜட்ஜ் எதுக்கு இருக்கார்? உங்களுக்காகப் பேசுறது யாரு? சர்க்கார் வக்கீல் யார் பக்கம்? சாட்சி பொய் சொன்னா யார்கிட்டச் சொல்வீங்க? குத்தத்தை ஒத்துக்கிட்டா என்ன ஆகும்?" இவ்வளவில் பெரும்பகுதி தெரிந்துவிடும். கோர்ட் வாசலையே மிதித்திராதவருக்கு இதில் சில தெரியாது. அது நோய் அல்ல. எளிமையாகச் சொல்லிக் கொடுங்கள், மறுநாள் திரும்பக் கேளுங்கள். சொல்லிக் கொடுத்தது மனதில் நின்றால், முன்பு தெரியாதது வெறும் அறியாமை. "வக்கீலும் என் அண்ணன் ஆளுதான், அவர்கிட்டப் பேச மாட்டேன்" என்று வந்தால் அதுதான் நீங்கள் அறிக்கையில் எழுத வேண்டிய வாக்கியம், ஏனென்றால் அங்கே நோய் தற்காப்பை நேரடியாகத் தடுக்கிறது.

ஒரே நாளில் முடிக்காதீர்கள். வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு பேட்டி. காவலுக்கு வந்த போலீஸார் பார்வை படும் தூரத்தில் நிற்கலாம், காது கேட்கும் தூரத்தில் கூடாது. கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டு உட்கார வைத்திருந்தால் கழற்றச் சொல்லுங்கள். மனநலச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடுக்கிறது. கழற்ற மறுத்தால் யார் மறுத்தார், பேட்டி எந்த நிலையில் நடந்தது என்று அறிக்கையிலேயே எழுதுங்கள்.

மருந்தையும் தேதிவாரியாகப் பாருங்கள். மனநோய் மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை சிறையில் கைமாறுவது தெரிந்த விஷயம். அதை அதிகம் விழுங்கியவர் தேதி தெரியாமல், பொருத்தமில்லாமல் பேசுவார். அதைச் சிசோஃப்ரினியாவின் குழப்பம் என்று எழுதிவிட்டால் அறிக்கை முழுக்கப் பாழ். நாடித்துடிப்பு, கண்மணி, வாய் வறட்சி, சிறுநீர் தேக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் குறியுங்கள். பேட்டியன்று காலையில் என்ன மாத்திரை, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு என்பதும் அறிக்கையில் இருக்கட்டும்.

---

பனங்காடு:

மருத்துவ உளவியலாளர் பக்கத்திலிருந்து சில விஷயம். இங்கே கோர்ட்டும் போலீஸும் எங்களிடம் எதிர்பார்ப்பது "நடிக்கிறாரா இல்லையா" என்ற ஒற்றை விடை. அந்த விடையைத் தரும் சோதனை எதுவும் கிடையாது.

நோய் இருப்பதுபோல் நடிப்பதைப் பார்க்கும் எம்-ஃபாஸ்ட் என்ற பேட்டியில் 25 கேள்விகள், 6 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று பொருள். அது வடிகட்டும் கருவி மட்டுமே. டாம் என்ற நினைவாற்றல் சோதனையில் 50 படங்கள், இரண்டாம் சுற்றில் 45-க்குக் கீழ் போனால் முயற்சியின் மேல் சந்தேகம் வரும். ஆனால் அறிவுத்திறன் குறைபாடோ மறதிநோயோ உள்ளவரும் அதற்குக் கீழே போகலாம். மூலத்தில் உள்ள வெட்டுப்புள்ளியை (இந்த 6, 45 போன்ற எல்லை மதிப்பெண்ணை), நாமே உட்கார்ந்து மொழிபெயர்த்த கேள்விகளுக்கு அப்படியே பொருத்தி "நடிப்பு உறுதி" என்று எழுதுவது தவறு. மதிப்பெண்ணை எழுதுங்கள், எந்த மொழியில் எப்படிக் கேட்கப்பட்டது என்று எழுதுங்கள், அதன் வரம்பையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.

நம்பத்தகுந்த தகவல் பெரும்பாலும் வார்டு நர்ஸின் குறிப்பில்தான் கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கு யாரும் பார்க்காதபோது என்ன செய்கிறார், தனக்குத்தானே பேசுவது டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் தொடங்குகிறதா, வரும்போது நிற்கிறதா, குளித்தல், சாப்பாடு, தூக்கம் எப்படி. குரல் கேட்கிறது என்பவரிடம் "அது வரும்போது அதைக் குறைக்க என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். நீண்ட நாள் குரல் கேட்பவர்களில் பலர் ரேடியோ வைப்பேன், காதைப் பொத்துவேன், யாரிடமாவது பேசப் போவேன் என்று ஏதாவது வழி வைத்திருப்பார்கள். உணர்ச்சி மங்கிய முகத்தையும், சுருங்கிப்போன பேச்சையும் நாள்முழுக்க நடிப்பது மிகக் கடினம். ஆனால் இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். உண்மையான நோய் உள்ளவரும் பயத்தில் மிகைப்படுத்துவார். நோய் இருக்கிறது, மிகைப்படுத்தலும் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்து எழுதத் தயங்க வேண்டாம்.

நம் ஊரில் இன்னொன்று. "செய்வினை வெச்சுட்டாங்க", "சாமி வந்துச்சு" என்பதை மட்டும் வைத்து மருட்சி (நோயால் வரும் பொய் நம்பிக்கை) என்று எழுத முடியாது. குடும்பத்தில் மற்றவர்களும் அதையே நம்புகிறார்களா, அந்தக் கோவிலில் அந்த நாளில் சாமி வருவது வழக்கமா, இவருடைய நம்பிக்கை ஊர் வழக்கத்தைத் தாண்டி எங்கே தனியாகப் பிரிகிறது என்று விசாரியுங்கள். அம்மாவே "செய்வினை சரிதான், ஆனா சோத்துல நான் விஷம் வெக்கிறேன்னு எப்பச் சொன்னானோ அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்வார். அந்தப் பிரிகோட்டைக் காட்டத் தெரிந்தவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார்.

உண்மை கண்டறிய நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை என்று யாராவது உங்களை உதவிக்குக் கூப்பிட்டால், 2010 செல்வி வழக்குத் தீர்ப்பு நினைவிருக்கட்டும். சம்மதம் இல்லாமல் செய்வது அரசியலமைப்பின் 20(3)-க்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தகுதிப் பரிசோதனையில் வாங்கிய கையெழுத்து அதற்கான சம்மதம் ஆகாது.

---

மேற்கு_மாவட்டம்:

மூவருக்கும் நன்றி. கோர்ட்டுக்குத் தெளிவு கேட்டுக் கடிதம் போகிறது. இன்னும் இரண்டு கேள்வி. சம்பவ நேர மனநிலையை வேறு மருத்துவர் பார்க்கப் போகிறார் என்றால் அவருக்கு எந்தெந்த ஆவணம் போய்ச் சேர வேண்டும்? அடுத்தது, "சீக்கிரம் தகுதியாக்கி அனுப்புங்க" என்று சிறைத் தரப்பிலிருந்து அழுத்தம். நோயாளி மாத்திரையை அவ்வப்போது துப்புகிறார், ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. விசாரணைக்காக என்ற பெயரில் கட்டாயமாக டெப்போ ஊசி (ஒருமுறை போட்டால் பல நாள் வேலை செய்யும் ஊசி) போடலாமா?

---

தாமிரபரணி:

முதல் கேள்விக்கு: 1964 தாயாபாய் தீர்ப்பு சொல்வதுபோல, முக்கியமான காலம் குற்றம் நடந்த நேரம்தான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நடத்தை அதை ஊகிக்க உதவும் சான்று. அதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியின் மேல் இருந்தாலும், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, சாத்தியக்கூறு அதிகம் என்று காட்டினால் போதும். எனவே போக வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, சாட்சி வாக்குமூலங்கள், கைதானதும் எடுத்த மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு, காயம்பட்டவரின் ஏ.ஆர். காப்பி, ரிமாண்ட் தாள்கள், முந்தைய சிகிச்சைச் சீட்டுகள், மருந்துக்கடை பில்கள். கைதானதும் எழுதிய குறிப்பில் "நினைவுடன், தெளிவுடன் உள்ளார்" என்று இருக்கும். அது உடல் பரிசோதனையின் வழக்கமான வாசகம், மனநிலைப் பரிசோதனை அல்ல. அரசுத் தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும், ஆகவே அறிக்கை எழுதுகிறவர் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. கேட்டும் வராத ஆவணங்களின் பட்டியலும் அறிக்கையில் வேண்டும்.

குறுக்கு விசாரணையில் கட்டாயம் வரும் கேள்வி: "அரிவாளை ஒளித்து வைத்தாரே, ஓடினாரே, அப்படியானால் தப்பு என்று தெரிந்துதானே?" ஒளிப்பது தப்பு என்று தெரிந்ததற்கும் அடையாளமாக இருக்கலாம். எதிரிகள் துரத்துகிறார்கள் என்ற மருட்சியில் ஒளிந்ததாகவும் இருக்கலாம். எதற்கு எவ்வளவு ஆதாரம் என்று அறிக்கையிலேயே இரண்டையும் எழுதியவர் கூண்டில் தடுமாற மாட்டார். "பிரிவு 22 பொருந்தும்" என்று எழுதவே வேண்டாம். மருத்துவ ரீதியான மனநோய் வேறு, சட்டம் கேட்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. செயலின் தன்மையை அறியும் ஆற்றல், அது தவறு அல்லது சட்டவிரோதம் என்று அறியும் ஆற்றல், இந்த இரண்டையும் நோய் எப்படிப் பாதித்தது என்பது வரை டாக்டர் சொல்லலாம். குற்றம் ஆகுமா ஆகாதா என்பது நீதிபதியின் வாக்கியம்.

---

நொச்சி:

ஊசி பற்றி. விசாரணைக்குத் தகுதியாக்குவது என்பது சிகிச்சைக்கான காரணமே அல்ல. நோயாளியின் துன்பமும் ஆபத்தும்தான் காரணம். அவை சரியானால் தகுதியும் திரும்பலாம், அது உடன்விளைவு. சிறைக் கண்காணிப்பாளரின் கடிதம் சம்மதத்துக்கு மாற்றாகாது. சிறையிலிருந்து மனநல மருத்துவமனைக்கு மாற்றும் உத்தரவு அனுமதித்துக்கொள்ள அதிகாரம் தருகிறது. அதற்குப் பிறகும் முடிவெடுக்கும் திறனை மனநலப் பராமரிப்புச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி நீங்கள் மதிப்பிட்டுப் பதிவு செய்யத்தான் வேண்டும். தகவலைப் புரிந்துகொள்கிறாரா, மறுத்தால் என்ன ஆகும் என்று உணர்கிறாரா, முடிவைச் சொல்ல முடிகிறதா? மூன்றும் இருந்தால் அவர் மறுப்பு செல்லும், நமக்குப் பிடிக்காவிட்டாலும். திறன் இல்லை என்றால் அவருடைய நியமனப் பிரதிநிதியோடு (சிகிச்சை முடிவுகளில் அவருக்கு உதவச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) சேர்த்து ஆதரவுடன் கூடிய அனுமதிக்கான 89-ஆம் பிரிவின் வழியில் போங்கள். அதன் வரம்பு 30 நாள். திறன் திரும்புகிறதா என்று இடையிடையே மறுபடி மதிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அதற்கு முன், ஏன் துப்புகிறார் என்று கேளுங்கள். 6 மி.கி. ரிஸ்பெரிடோனில் உட்கார முடியாத தவிப்போ, கை இறுக்கமோ இருந்தால் யாரும் துப்பத்தான் செய்வார்கள். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, மாலை ஒரே வேளையாக நர்ஸ் முன்னால் கொடுப்பது, வாயில் கரையும் மாத்திரை, இவற்றை முயன்று பார்த்த பிறகுதான் டெப்போ பேச்சு. சம்மதித்து ஃப்ளூபெனசின் டெக்கனோயேட் போடுவதானாலும் 12.5 மி.கி. சோதனை அளவில் தொடங்குங்கள். முதல் ஊசியிலேயே கழுத்து இழுத்துக்கொண்டால் அந்த ஆள் அதற்கப்புறம் உங்களை நம்ப மாட்டார்.

கோர்ட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் சிகிச்சைப் பகுதி மூன்று வரி போதும்: இப்போதைய மருந்து, சம்மதத்தின் நிலை, அடுத்த மறுபரிசோதனைத் தேதி. 369-ன் கீழ், உள்நோயாளியாக இருக்க வேண்டிய தேவை இல்லாத எதிரியை, நண்பரோ உறவினரோ வெளிநோயாளிச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்றால் கோர்ட் விடுவிக்கலாம். அம்மா பொறுப்பேற்கத் தயாராக இருக்கிறார், ஆனால் காயம்பட்ட மகனும் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்றால், அதையும் எழுதிவிடுங்கள். எந்த வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று தெரியாமல் அந்த உத்தரவு போடப்படக் கூடாது.